வாலு வச்ச பயலும் ரிப்பன் கட்டுன புள்ளையும்

எங்க வத்தேகமப் பக்கம் சண்டைக்குப் பஞ்சமே கெடையாது. பீலிக்கரையில வாளிய நகட்டி வச்சா சண்டை. வேலி ஒரு சாண் தள்ளிப் போனா சண்டை. கோயில் கமிட்டிக்குத் தலைவரத் தெரிஞ்செடுத்தா அது ஆறு மாசச் சண்டை. ஆனா கார்ட்டூன் பாத்துட்டு அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியுறத இந்தக் கெழவன் இப்பதான் பாக்குறேன். பேரன் வைஸ் கட்சியாம், பேத்தி பிளேக் கட்சியாம். எலக்சன் காலத்துலகூட எங்க லயம் இப்புடி ரெண்டாப் பிரிஞ்சதில்ல. போத்தல் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் ஒத்துமையா நிப்போம்.

"தாத்தா, நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க"ன்னு ரெண்டும் போனத் தூக்கிக்கிட்டு வந்துச்சுக. இஸ்தோப்புல குந்தியிருக்குறவனுக்கு நியாயம் சொல்லுறதத் தவிர வேற என்னா வேல? சரின்னு முழுசாப் போட்டுக் காட்டச் சொன்னேன். சொல்லப் போற நியாயம் ரெண்டு பேருக்குமே புடிக்காது. அதனால இத ஊருக்கே சொல்லிவிடுறேன். கோவத்த நாலு பேரு பங்கு போட்டுக்குங்க.

எங்க காலத்துக் கார்ட்டூன்ல இந்தத் தொல்லை இல்ல. 1982ல ரூபவாஹினி வந்துச்சு. டைட்டஸ் தொட்டவத்தன்னு ஒரு மகராசன், வெளிநாட்டுக் கார்ட்டூனையெல்லாம் சிங்களத்துல பேச வச்சாரு. மிருகங்களோட பேசுற வெள்ளக்கார டாக்டரு டூலிட்டில், அவரு கையில 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனாரு. ஊருல ஒரு வீட்டுலதான் டீவி இருக்கும். தமிழ்ப் புள்ள, சிங்களப் புள்ள, மடவளையிலேருந்து வந்த முஸ்லிம் புள்ள எல்லாம் ஒரே பெட்டிக்கு முன்னால குந்தும். பாஷ தெரியாத கெழவிங்களும் சேந்து சிரிக்கும். மொயலு நல்லதா, வேட்டைக்காரன் நல்லவனான்னு யாரும் கட்சி கட்டுனதில்ல.

இப்ப வந்துருக்குற சமாச்சாரம் வேற. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். அங்க ரூஸ்டர் டீத்னு ஒரு கம்பெனி 2013 ஜூலையில ஒரு தொடர ஆரம்பிச்சிருக்கான். இங்கிலீசுல நாலு எழுத்த எழுதி ரூபின்னு வாசிக்கணுமாம். உண்டாக்குன ஆளு மோன்டி ஓம். 2015ல, முப்பத்து மூணு வயசுலயே போய்ச் சேந்துட்டான், பாவம். ஆனா அந்தப் பய ஒரு நல்ல வில்லங்கத்த வச்சுட்டுத்தான் போயிருக்கான்.

அந்த ஒலகத்துல ரெண்டு வகை ஆளுங்க. ஒன்னு மனுசங்க. இன்னொன்னு ஃபானஸ். அதுகளும் மனுசங்கதான். ஒருத்தனுக்கு வாலு, ஒருத்திக்கு மொயல் காது, ஒருத்தனுக்குக் கொம்பு. அவ்வளவுதான் வித்தியாசம். எங்க தோட்டத்துல வாலே இல்லாம வாலாட்டுறவன் எத்தனையோ பேரு இருக்கான், அவனுக்கெல்லாம் தனிப் பேரு வைக்கல.

நாலு பொம்பளப் புள்ளைங்க ஒரு பள்ளிக்கூடத்துல ஒரே ரூமுல தங்கிப் படிக்குதுங்க. அதுல வைஸ் பெரிய எடத்துப் புள்ள. டஸ்ட்னு ஒரு மண்ணு. அந்த ஒலகத்துல வெளக்கு எரியுறதுலேருந்து துப்பாக்கி வெடிக்கிற வரைக்கும் எல்லாத்துக்கும் அதுதான். அதத் தோண்டி விக்கிற கம்பெனி அவ அப்பனோடது. சொரங்கத்துல எறங்கி வேல செய்யுறது யாரு? வாலும் காதும் வச்ச ஆளுங்கதான். இது வரைக்கும் கேட்ட உடனே எனக்குக் கத புரிஞ்சு போச்சு. மடுல்கலையிலயும் பன்விலையிலயும் மலை ஏறுன சனத்துக்கு இதுக்கு மேல வெளக்கம் வேணுமா?

இன்னொருத்தி பிளேக். எப்பவும் பொஸ்தகமும் கையுமா இருப்பா. தலையில எப்பவும் ஒரு கருப்பு ரிப்பன்.

இப்ப சண்டைக்கு வருவோம். நாலு பேரும் கப்பல்துறைக்குப் போவுதுங்க. அங்க ஒரு பய டிக்கெட் எடுக்காமக் கப்பல்ல வந்து எறங்குறான். பேரு சன் வூகோங். சீனாக்காரன் கதையில வர்ற கொரங்கு ராசாவோட பேரு. வெளக்குக் கம்பத்துல வால மாட்டித் தொங்கிக்கிட்டே வாழப்பழம் உரிக்கிறான். பாத்த உடனே எனக்குப் பயலப் புடிச்சுப் போச்சு. வைஸுக்குப் புடிக்கல. திருடன், அழுக்குப் புடிச்ச ஃபானஸுன்னு வாய்க்கு வந்தத விடுறா. பிளேக் குறுக்க பூந்து, அவனும் மனுசன்தான், அப்புடிக் கூப்பிடாதேங்குறா. அதுக்கு வைஸ் என்னா சொல்லுறா தெரியுமா? அப்ப குப்பைத் தொட்டியக் குப்பைத் தொட்டின்னு சொல்லக் கூடாதா, வெளக்குக் கம்பத்த வெளக்குக் கம்பம்னு சொல்லக் கூடாதாங்குறா.

இந்த எடத்துல பேரன் கை தட்டுனான். "பாத்தீங்களா தாத்தா, லாஜிக்!"

லாஜிக்கா? அட கூமுட்ட, வெளக்குக் கம்பத்தக் கம்பம்னு சொன்னா அது ராத்திரி சோறு எறங்காமப் படுக்காதுடா. தோட்டக்காட்டான்னு சொன்னா மனுசன் படுப்பான். ரம்பொடையில அனுமார் கோயிலுக்குப் போயி, வரிசையில நின்னு வால் இருக்குற சாமியக் கும்புட்டுட்டு வந்த குடும்பம் நம்ம குடும்பம். சாமிக்கு வாலு இருந்தா சூடம். கப்பல்ல வந்தவனுக்கு வாலு இருந்தா திருடன். நல்லாருக்குடா ஓன் லாஜிக்கு.

சண்டை ரூமுக்குள்ளயும் தொடருது. மத்த ரெண்டு புள்ளைங்க ரூபியும் யாங்கும் நடுவுல முழிக்குதுங்க. வெள்ளைக் கோரைப்பல்லுன்னு அர்த்தம் வர்ற பேருல ஃபானஸுங்களுக்கு ஒரு இயக்கம் இருக்கு. மொதல்ல பதாகை புடிச்சு அமைதியா நின்ன இயக்கம். கேட்டது கெடைக்கல. தலைமை மாறுச்சு, வழி மாறுச்சு. கடை எரியுது, ரயில் கொள்ளை போவுது. இந்த நாட்டுல பொறந்தவனுக்கு இதுக்கு வாத்தியாரு வேணாம். வைஸ் சொல்லுறா: அவங்க எங்க குடும்பத்தோட சண்டை போட்டவங்க, எங்களுக்கு வேண்டப்பட்டவங்க காணாமப் போனாங்க, கம்பெனி ஆளுங்களக் கொன்னாங்க, ஒவ்வொரு தடவையும் அப்பா கோவத்தோட வீட்டுக்கு வருவாரு, நான் வளந்த வளப்பு எனக்குத்தான் தெரியும், நான்தான் பாதிக்கப்பட்டவ. பிளேக் கோவத்துல, "நாங்க மிதிபட்டு மிதிபட்டு அலுத்துப் போனோம்"ங்குற மாதிரி ஒரு வார்த்தைய விட்டுடுறா. அந்த "நாங்க"தான் வெடி. ரூமே அமைதியாவுது. அவ ஓடுறா. ராத்திரியில ஒரு செலைக்குக் கீழ நின்னு ரிப்பன அவுக்குறா. உள்ள ரெண்டு பூனைக் காது.

இதுதான் சண்டை. இப்ப நியாயம்.

பேரன் சொல்லுறான், வைஸ் பட்ட அடி நெசம், அதனால அவ பேசுனது தப்பில்ல. பேத்தி சொல்லுறா, வைஸ் பேசுனது தப்பு, அதனால அவ பட்ட அடியெல்லாம் பொய்யி. ரெண்டு பேருக்கும் ஏ லெவல்ல நல்ல ரிசல்ட்டு வேற. ஏன்டா, அடிபட்டவ தப்பாப் பேச மாட்டாளா? தப்பாப் பேசுனவ அடிபட்டிருக்க மாட்டாளா? வைஸு அப்பன் கோவமா வீட்டுக்கு வந்தது நெசம். ஆனா அவ அப்பனோட மூஞ்சிய மட்டும்தான் பாத்தா. அப்பனோட சொரங்கத்தப் பாக்கல. தொரை வீட்டுப் புள்ளைக்கு பங்களாவுக்குள்ள கேக்குற சத்தம்தானே தெரியும்? பிரட்டுக் களத்துல யாரு பேர வெட்டுனாங்கன்னு அதுக்கு எப்புடித் தெரியும்? பின்னால ஒரு கட்டத்துல, அந்த இயக்கத்துல ரொம்பக் கொடூரமான பய ஒருத்தன் கண்ணுல கட்டியிருக்குற துணிய அவுக்குறான். கண்ணு மேல கம்பெனியோட முத்திரைய சூடு போட்டு வச்சிருக்கு. அதுக்காக அவன் செஞ்ச கொலையெல்லாம் சரியாயிருமா? ஆவாது. ஆனா கணக்குப் புத்தகத்த நடுப்பக்கத்துல தொறந்தா மொதப் பக்கம் காணாமப் போயிருமான்னு கேளு.

பேத்தி இங்க துள்ளுனா. "அப்ப பிளேக்தானே சரி?" கொஞ்சம் இரு புள்ள. பிளேக் பேசுனது நியாயம். ஆனா ஒரு பயலுக்காகப் பேசுனவ, அந்த இயக்கம் செஞ்சதுக்கும் சேத்து வக்காலத்து வாங்குனா. மனுசனுக்காகப் பேசுறதும் கட்சிக்காகப் பேசுறதும் ஒன்னாக் கலந்தா, எதிராளி கட்சியப் புடிச்சுக்கிட்டு மனுசன விட்டுருவான். அவளும் அந்த இயக்கத்துலேருந்து வெளிய வந்தவதான். அது செஞ்ச தப்பு அவளுக்கே தெரியும். தெரிஞ்சும் கோவத்துல விட்டுட்டா.

சரி, அப்ப யாரு பக்கம்? யாரு பேசுனது கெட்டிங்குறத விடுங்க. சண்டை முடிஞ்சப்புறம் யாரு எங்க படுத்தாங்கன்னு பாருங்க. வைஸ் அவ கட்டில்லயே படுத்தா. பிளேக் ராத்திரியோட ராத்திரியா வெளிய போனா. ஒருத்திக்கு அது அபிப்பிராயம். இன்னொருத்திக்கு அது காது. அபிப்பிராயத்த நாளைக்கு மாத்திக்கலாம். காத எங்க கொண்டு போயி வைக்கிறது?

அந்த ரிப்பனப் பத்தி இன்னும் கொஞ்சம். கொழும்புல கடையில நிக்கிற நம்ம பயலுககிட்ட "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டுப் பாருங்க. "கண்டிப் பக்கம்"பான். கண்டிப் பக்கம்னா எது, தலதா மாளிகைக்குப் பக்கத்துல வீடா? பன்விலைக்கு மேல பஸ்ஸும் போவாத எடத்துல எட்டுக் காம்பரா லயம். ஆனா வாய் "கண்டி"யோட நின்னுரும். அதுதான் ரிப்பன். கொழும்புலயும் யாழ்ப்பாணத்துலயும் வேல தேடிப் போன நம்ம புள்ளைங்க எத்தனை பேரு அந்த ரிப்பனக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க! பிளேக் மேல பாவப்படுற பேத்தியம்மா, ஓன் ஃபேஸ்புக்குல சொந்த ஊரு என்னான்னு போட்டுருக்க? "கேண்டி." நான் ஒன்னும் சொல்லல.

அந்தத் தொடருல இன்னொரு பழைய கணக்கும் வருது. மனுசங்கெல்லாம் சேந்து ஃபானஸுங்கள மெனாஜெரின்னு ஒரு தீவுக்கு மொத்தமா அனுப்பிறலாம்னு பாத்தாங்களாம். அதுலதான் யுத்தமே வந்துச்சாம். பேரன் "செம கற்பனை தாத்தா"ங்குறான். அடேய், ஓன் கொள்ளுப்பாட்டியக் கேளு கற்பனையா இல்லையான்னு. 1948ல 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. சுமார் 7 லட்சம் மலையகச் சனம் ஒரே சட்டத்துல நாடில்லாத சனமாயிருச்சு. 1964 அக்டோபர் 30ல இங்க பிரதமரா இருந்த சிறிமா அம்மாவும் இந்தியாவுல பிரதமரா இருந்த சாஸ்திரி ஐயாவும் குந்திப் பங்கு பிரிச்சாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு இங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த அப்புறம் பாத்துக்குவோம்னு. மாட்டுச் சந்தையிலகூட மாட்டத் தடவிப் பாத்துத்தான் பிரிப்பான். தலைமன்னாருக்குப் போன கோச்சிக்குச் சனம் வச்ச பேரு அழுகைக் கோச்சி. அண்ணன் ஏறுவான், தம்பி பிளாட்பாரத்துல நிப்பான். 2003ல 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் அந்தக் கணக்கு ஒரு மாதிரி முடிஞ்சுச்சு. அதுக்கு இருவது வருசம் கழிச்சு, மலையகத்துக்கு 200 வருசம்னு தலைமன்னாருலேருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்துச்சு. எங்க வத்தேகம ஸ்டேசனத் தாண்டிப் போற கோச்சி போய்ச் சேர்ற அதே மாத்தளைதான். ஆஸ்டின்ல குந்தியிருந்த பயலுக்கு மெனாஜெரி கற்பனை. நமக்கு அது குடும்பப் படம்.

இந்தத் தொடருல எனக்கு ரொம்ப உறுத்துனது வைஸும் இல்ல, பிளேக்கும் இல்ல. அதுக்கு முந்தி ஒரு சின்னக் காட்சி. சாப்பாட்டு மண்டபம். கார்டின்னு ஒரு தடியன், வெல்வெட்டுங்குற மொயல் காதுப் புள்ளையோட காதப் புடிச்சு இழுக்குறான். நெசக் காதுதான் பாருங்கடான்னு சிரிக்கிறான். அந்தப் புள்ள கெஞ்சுது, விடுன்னு சொல்லுது, அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவுது. நம்ம வீராதி வீரங்க எல்லாம் பக்கத்து மேசையில. ராட்சச மிருகத்த ரெண்டாப் பொளக்குற புள்ளைங்க. ஒருத்தி, இப்புடிப்பட்டவங்கள எனக்குப் புடிக்காதுங்குறா. இன்னொருத்தி, ஃபானஸாப் பொறந்தா கஷ்டந்தான்னு உச்சுக் கொட்டுறா. ஒருத்தரும் எந்திரிக்கல. சோறு ஆறிப் போயிருமே!

யாரு சரின்னு வைஸையும் பிளேக்கையும் வச்சு மூணு நாள் மல்லுக்கட்டுன பேரனும் பேத்தியும் இந்தக் காட்சிய ஓட்டிவிட்டுட்டுப் போயிருக்குதுங்க. "அது முக்கியமில்ல தாத்தா"வாம்.

முக்கியமில்லையா? 2018 மார்ச் மாசம் நெனவிருக்கா? தெல்தெனியாவுல சில முஸ்லிம் பயலுக அடிச்சதுல ஒரு சிங்கள லாரி டிரைவர் செத்துப் போனாரு. அது கொல, சந்தேகமே இல்ல. அடிச்சவன் உள்ள போவணும். ஆனா எரிஞ்சது யாரு கட? திகணையில, அக்குறணையில, கட்டுகஸ்தோட்டையில அந்த டிரைவர் மொகத்தையே பாக்காதவன் கட எரிஞ்சுச்சு. வீடு எரிஞ்சுச்சு, பள்ளிவாசல் எரிஞ்சுச்சு. திகணையில எரிஞ்ச வீட்டுக்குள்ள ஒரு முஸ்லிம் எளந்தாரி செத்துக் கெடந்தான். சில பேரு செஞ்சதுக்கு எல்லா வாலையும் இழுக்குறது, வைஸு சொன்ன அதே லாஜிக்கு. மார்ச் 6ல அவசரகாலச் சட்டம், மறுநாள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் மூடுனாங்க. அந்தத் தொடருல கிரிம்னு ஒரு மிருகம் இருக்கு. மனுசன் எங்க பயப்படுறானோ, எங்க வெறுக்குறானோ, அத மோப்பம் புடிச்சு அங்கதான் வரும். நம்ம ஊருல அது போனுக்குள்ள வந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ஃபேஸ்புக் கம்பெனியே மன்னிப்புக் கேட்டான். கட எரிஞ்ச நேரத்துல பக்கத்து வீட்டுக்காரங்கள உள்ள விட்டுக் கதவச் சாத்துன சிங்களக் குடும்பங்களும் இருந்துச்சு. சாப்பாட்டு மேசையிலேருந்து எந்திரிச்சவங்க அவங்க. மத்தவங்க உச்சுக் கொட்டுனோம்.

இப்ப பேரன் மொகம் கொஞ்சம் தொங்கிப் போச்சு. ஆனா அவன அப்புடியே விட்டா நான் நல்ல தாத்தாவா?

தம்பி, மொயல் காதுக்காக இப்ப கண்ணு கலங்குன புண்ணியவான் நீ. போன வருசம் ஓன் கூட்டாளி ஒருத்தன் கீழ் லயத்துப் புள்ளையக் கட்டிக்கிறேன்னு நின்னப்ப, அவன் அம்மா கேட்ட மொதக் கேள்வி என்னா? "நம்ம ஆளுங்களா?" அப்ப நீ என்னா செஞ்ச? சுண்டல் தின்னுக்கிட்டிருந்த. கங்காணிமாரு இந்தியாவுலேருந்து சொந்த பந்தத்தையும் சாதி சனத்தையும் சேத்துக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எந்தச் சாதிக்கு எந்த லயம்னு பிரிச்சே குடியேத்துனாங்க. வெள்ளக்காரன் போயிட்டான், கங்காணி போயிட்டாரு, லயத்துக் கூரையும் மாறுச்சு. அந்தக் கேள்வி மட்டும் பெயிண்டு அடிச்சுப் புதுசா நிக்குது. தொரைக்கு முன்னால நாமெல்லாம் பிளேக். கீழ் லயத்துக்கு முன்னால நாமெல்லாம் வைஸ். அதனாலதான் சொல்லுறேன், இந்த மாதிரிச் சண்டையில ஒரு பக்கம் சேரணும்னு அவசரப்படாதீங்க. ரெண்டு பக்கமும் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு.

கடைசியா, சண்டை எப்புடி முடிஞ்சுச்சுன்னு பாருங்க. பிளேக்கத் தேடிப் புடிக்கிறாங்க. எல்லாரும் என்னா நடக்குமோன்னு நிக்கிறாங்க. வைஸ் சொல்லுறா: யோசிச்சுப் பாத்தேன், எனக்கு அது பரவாயில்ல. அப்புறம், அடுத்த தடவ இப்புடி ஒன்னு வந்தா கூட்டாளிங்ககிட்ட வா. வேற... அப்புடின்னு சன் பக்கம் பாக்குறா. என்னமோ ஒரு வார்த்த வாய் வரைக்கும் வந்துருச்சு. நிறுத்திட்டா. வேற யாருகிட்டயும் போவாதேன்னு மாத்திச் சொல்லி முடிக்கிறா.

பேத்திக்கு ஆத்தாமை. "திட்டுனவ மன்னிப்பே கேக்கல தாத்தா! காது வச்சிருக்குறவள இவ மன்னிக்கிற மாதிரியில்ல பேசுறா?" சரியாப் புடிச்ச புள்ள, அந்தக் கேள்வி பவுனு. மன்னிக்க வேண்டிய ஆளு பிளேக், கேக்க வேண்டிய ஆளு வைஸ். அத எழுதுனவன் தலைகீழாப் போட்டுட்டான். முழு நாள் வேல செய்யாதவளுக்குக் கணக்கப்புள்ள முழுப்பேர் போட மாட்டாரு. ஆனா அந்த முழுங்குன வார்த்தைக்கு அரைப்பேர் போடலாம். நேத்து வரைக்கும் தடையில்லாம வந்த வார்த்த, இன்னைக்குப் பல்லுக்குப் பின்னால நின்னுச்சே. மனசு மாறுறது அதுக்கப்புறம் நடக்கட்டும். மொதல்ல வாய் நிக்கணும்.

ஆக, இந்தக் கெழவன் தீர்ப்பு இதுதான். வைஸு மாதிரி அடிபட்டிருந்தா அழுவுங்க, ஆனா வால் வச்ச எல்லாரையும் கணக்குல எழுதாதீங்க. பிளேக்கு மாதிரி நியாயம் பேசுங்க, ஆனா நியாயத்தோட கட்சியக் கட்டி விடாதீங்க. காதப் புடிச்சு இழுக்குறவனப் பாத்தா சோத்துத் தட்ட வச்சுட்டு எந்திரிங்க. அதுக்கப்புறம் கார்ட்டூன்ல யாரு சரின்னு விடிய விடியச் சண்டை போடுங்க, நான் தேத்தண்ணி போட்டுத் தர்றேன்.

பேரனுக்குத் தனியா ஒன்னு. வர்ற தையில நம்ம வீட்டுக்கும் தரகர் வருவாரு. "நம்ம ஆளுங்களா?"ன்னு ஓங்கம்மா வாயத் தொறக்குறதுக்கு முந்தி, நீ எந்திரிச்சு நின்னு, "புள்ளைக்கு என்னைப் புடிச்சிருக்கா?"ன்னு கேளு. அன்னைக்கு ஒனக்கு முழுப்பேரு போடுறேன்.